இரண்டு பேருக்கான தொட்டி

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? ஜன்னல் இல்லாத அறையில் நாளெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறவள், நடுநடுவே வெளியே வந்து கொஞ்சம் வெயிலில் நில்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நாம் போனில் பேசுவது உனக்குத் தெரியாததா? "சாப்பிட்டீங்களா மாமா?" "சாப்பிட்டேம்மா, நீ?" "சாப்பிட்டேன். அப்புறம்?" "அப்புறம் ஒண்ணுமில்ல." அதற்கு மேல் நீ மூச்சு விடுவதை நானும் நான் மூச்சு விடுவதை நீயும் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் தண்ணீர். கோடை இன்னும் தொடங்கவே இல்லை, போர் அதற்குள் வறண்டுவிட்டது. மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வருகிறது. தெருவில் எல்லோரும் லாரிக்குக் காத்திருக்கிறோம். நம் பையன் இருந்தபோது, "மழைத் தண்ணியைப் பிடிச்சு வைக்கணும்பா, வருஷா வருஷம் சாக்கடையில விடறோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். "பார்க்கலாம்டா" என்று சொல்லி நானும் தள்ளிப்போட்டேன். பார்க்க அவன் இல்லை. அவன் போய் மூன்றாவது கோடை வருகிறது. இந்த வருஷம் எப்படியும் செய்துவிடுவதென்று இருக்கிறேன்.

டூட்டிக்குப் போகும் முன்பு நீ கீழேயிருந்து மாடிக்கு வாளி வாளியாகத் தூக்கியது என் கண்ணிலேயே நிற்கிறது. இனி இந்த வீட்டில் யாரும் அப்படித் தூக்க வேண்டியிருக்காது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மொட்டை மாடியை விட, உங்கள் இருவருக்காக மேலே கட்டிய அறையின் தகரக் கூரைதான் மழை பிடிக்கச் சுத்தமானதாம். கூரையின் பின்பக்க விளிம்பில் தண்ணீர் ஓட அரைவட்டக் குழாய் மாட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஏணி வைக்க இடமில்லை. அறைக்குள் போய்ப் பின் ஜன்னலைத் திறந்துதான் ஆணி முடுக்க வேண்டும். சாவி உன்னிடம் இருக்கிறது. உனக்குச் சம்மதமென்றால் அனுப்பு. இல்லையென்றால் வேறு வழி பார்க்கிறேன், சங்கடப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா

•

பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். வெயில்ல நிக்கச் சொன்னீங்க, நின்னேன். அஞ்சு நிமிஷத்துல தலைவலி வந்துடுச்சு. உங்க மருமகள் இருட்டுக்குப் பழகிட்டா.

பிரஷர் மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா? "நல்லாத்தானே இருக்கு"ன்னு நிறுத்திடாதீங்க. மாத்திரை போடறதாலதான் நல்லா இருக்கு.

மழைத் தண்ணி விஷயம் ரொம்ப நல்லது மாமா. இங்க ஒருத்தர் தன் வீட்டுல இதையே செஞ்சிருக்காராம், அவர்கிட்ட கேட்டேன். முதல் மழையைத் தொட்டிக்குள்ள விடவே கூடாதாம். கூரையில இருக்கிற தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுலதான் அடிச்சுக்கிட்டு வரும். குழாயில ஒரு திருகு வெச்சு, முதல் தண்ணியை வெளியே விட்டுட்டு அப்புறமா உள்ளே திருப்பணுமாம். பைப்காரர் கிட்ட மறக்காம சொல்லுங்க.

நான் இருக்கிற வாடகை அறையில குழாயைத் திறந்தா எந்நேரமும் தண்ணி வருது. முதல் மாசம் பழக்கதோஷத்துல வாளியில பிடிச்சுப் பிடிச்சு வெச்சிருந்தேன்.

சாவியை இதோட அனுப்பியிருக்கேன். ஜன்னலை மட்டும் திறங்க மாமா. மத்ததெல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். ஒரு தடவை நானே வந்து பார்த்துக்கறேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவை விசாரிச்சதா சொல்லுங்க.

அன்புடன்,
மருமகள்

•

மார்ச் 18

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும் சாவியும் பத்திரமாக வந்தன. நான் நலம். மாத்திரை தவறாமல் போடுகிறேன், தையல்காரம்மா சாட்சி. உன்னை மிகவும் கேட்டாள்.

பைப்காரரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எப்போது கேட்டாலும் "நாளைக்கு வரேன் சார்" என்பார். தெருவில் அவருக்கு நாளைக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நாளைக்கு வந்தாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். ஒருவழியாகப் போன வாரம் நாளைக்கு இன்றைக்கே வந்துவிட்டார். வந்த பிறகு வேலையில் குறை சொல்ல முடியாது. கூரையை அளந்தார், வாட்டம் பார்த்தார், நீ எழுதிய திருகு விஷயத்தைக் கேட்டு, "யார் சார் சொன்னது? விவரமான ஆளா இருக்காரே" என்றார். அந்த ஒருத்தருக்கு என் நன்றியைச் சொல்.

தொட்டி எவ்வளவு பெரிதாக வாங்குவது என்று பேச்சு வந்தது. "வீட்டில எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். "ரெண்டு பேர்" என்றேன். அதற்குத் தகுந்த மாதிரி ஒரு கறுப்புத் தொட்டி வந்து மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வழியை அடைக்கிறது, பரவாயில்லை.

அறையைத் திறந்தேன். வேலை பார்த்த நாளெல்லாம் மின்சார மீட்டர் பார்க்க ஊரான் வீட்டுக்குள் எல்லாம் புகுந்து வந்தவன் நான். கதவைத் தட்டி "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு விறுவிறு என்று போய்விடுவேன். இந்த அறை வாசலில்தான் காலை எடுத்து வைக்கத் தயக்கமாக இருந்தது. ஜன்னலை மட்டும்தான் பார்த்தேன். போகும் வழியில் உன் வீட்டுச் செருப்பு கிடந்தது, அதை மிதிக்காமல் சுற்றிப் போனேன். நாளைக்கையும் சுற்றித்தான் போகச் சொன்னேன். வேலை முடிந்ததும் பூட்டிவிட்டேன். சாவியைப் பதிவுத் தபாலில் உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

லீவு கிடைத்தால் மே மாதம் ஒரு நடை வந்து போ. தொட்டியைப் பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா

•

ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் போட இவ்வளவு நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். கூட வேலை பார்க்கிற ரெண்டு பேர் ஒரே சமயத்துல லீவு போட்டுட்டாங்க. கையும் காலும் உடைஞ்சு வர்றவங்க மட்டும் லீவு போடறதே இல்ல.

நாளைக்கு கதையைப் படிச்சு வாய்விட்டுச் சிரிச்சேன். வரிசையில நின்னவங்க எல்லாம் என்னையே பார்த்தாங்க.

சாவி வந்துடுச்சு.

வடிகட்டறதுக்கு ஒரு பீப்பாய் வைக்கணும், மறந்துடாதீங்க. அடியில பெரிய கூழாங்கல், அதுக்கு மேல சின்ன ஜல்லி, அப்புறம் அடுப்புக்கரி, எல்லாத்துக்கும் மேல மணல். கரியை நல்லா கழுவிட்டுத்தான் போடணுமாம், இல்லேன்னா மழைத் தண்ணி மை மாதிரி வருமாம். பீப்பாய் வாயில வலை கட்டணும், இலை தழை உள்ள போகாம இருக்க. இதுவும் அந்த ஒருத்தர் சொன்னதுதான். ரத்த வங்கியில வேலை செய்யறார். ரத்தத்தையே பிரிச்சு எடுக்கிறவருக்குத் தண்ணி எம்மாத்திரம்!

மே மாசம் வர முடியும்னு தோணலை மாமா. வேற ஒருத்தியோட ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கறேன்னு ஒத்துக்கிட்டேன். வெயில்ல அலையாதீங்க. ராத்திரி சாப்பாட்டை டீயோட முடிச்சுக்காதீங்க.

அன்புடன்,
மருமகள்

•

மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலமே. வெயில் பொறுக்க முடியவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீ இரண்டு ஷிப்ட் பார்ப்பதுதான் எனக்குக் கவலை. ஓய்வில்லாமல் உழைத்து யாருக்கு என்ன?

பீப்பாய் வேலை முடிந்தது. கரியைக் கழுவினேன். கழுவக் கழுவக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. என் கை, வேட்டி, முற்றம் எல்லாம் ஒரே நிறம். தையல்காரம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், ரயில் ஓட்டப் போறீங்களா?" என்றாள். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பினால் சொல்வதற்கு ஆள் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மழைதான் இன்னும் வரவில்லை. அதுவரை பொறுக்க முடியாமல், நானும் நாளைக்கும் கூரை மேல் லாரித் தண்ணீரை ஊற்றிச் சோதித்தோம். ஒரு மூட்டில் கசிந்தது, அதையும் அடைத்தாயிற்று. தண்ணீர் கூரையில் ஓடி, குழாயில் திரும்பி, பீப்பாய்க்குள் இறங்கி, தொட்டியில் விழுந்த சத்தம் கேட்டதும் நாளைக்கு கை தட்டினார். "வீட்டுக்காரங்க வந்து பார்த்தா அசந்துடுவாங்க சார்" என்றார். ஆமாம் என்றேன்.

இன்னொரு செய்தி. இங்கே புதிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். பேப்பரில் வந்ததைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கண்ணில் பட்டது, அனுப்பினேன், அவ்வளவுதான். வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம். தண்ணீர்க் கஷ்டமும் இனி இல்லை.

பதில் எழுது.

அன்புடன்,
மாமா

•

ஜூன் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா இருக்கீங்களா? நான் நலம்.

பேப்பர் துண்டு கிடைச்சுது. நான் பார்க்கிறப்போ தேதி முடிஞ்சிருந்தது. அதனால என்ன, பரவாயில்ல மாமா.

வடிகட்டி நல்லா அமைஞ்சது ரொம்ப சந்தோஷம். மழை வந்ததும் எழுதுங்க.

வேலை நிறைய இருக்கு. இன்னொரு நாள் விவரமா எழுதறேன்.

அன்புடன்,
மருமகள்

•

ஜூலை 1

அன்புள்ள மருமகளுக்கு மாமா சொல்லத் தையல்காரம்மா எழுதுவது.

எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. என் கண்ணாடி உடைந்துவிட்டது, புதுசு வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். மற்றபடி நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. தேதி முடிந்துவிட்டால் என்ன, வேறு இடம் வராமலா போய்விடும்?

மழை இன்னும் வரவில்லை. மேகம் வருகிறது, நின்று பார்க்கிறது, போய்விடுகிறது. தொட்டி காலியாக இருக்கிறது. தட்டினால் நல்ல சத்தம் வருகிறது.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா

இதுக்கு மேல நான் எழுதறேம்மா. அவருக்குத் தெரியாது, டீ போட உள்ளே போயிருக்கார். ஒத்தைக் கையால போடறார், நான் போடறேன்னா விடமாட்டேங்கறார். கண்ணாடி உடைஞ்சது நிஜம்தான். ஆனா கண்ணாடி தானா உடையலை. பீப்பாய் வாயில வலை அவுந்துடுச்சுன்னு ஸ்டூல் மேல ஏறி விழுந்துட்டார். வலது கை மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு, மாவுக்கட்டு போட்டிருக்கு. நெத்தியில தையல் போட்டிருக்கு. உங்ககிட்ட சொன்னா நீங்க வேலையை விட்டுட்டு ஓடி வருவீங்கன்னு சொல்லக் கூடாதுங்கறார்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். நான் துணி காயப்போட எங்க மாடிக்குப் போனப்பதான் அவர் பீப்பாய் பக்கத்துல உக்காந்திருக்கிறதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமா உக்காந்திருந்தாரோ தெரியலை, சட்டையில ரத்தம் காஞ்சு போயிருந்தது. "ஒரு சத்தம் போட்டிருக்கலாமே சார்?"னு கேட்டேன். "போட்டிருக்கலாம். யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலை"ன்னார்.

நான் எழுதினதைக் காட்டிக் கொடுத்துடாதீங்க.

•

ஆகஸ்ட் 14

அன்புள்ள மருமகளுக்கு,

மாவுக்கட்டை எடுத்தாயிற்று. இது என் கையெழுத்தேதான், கோழி கிளறின மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள். விரலை மடக்கி மடக்கி நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்த பிறகு காலில் வீக்கம் இல்லையே? அவ்வளவு தூரம் உட்கார்ந்தே வந்தாய், உட்கார்ந்தே போனாய்.

தையல்காரம்மா மேல் எனக்குக் கோபம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதியதற்காக அவளை உட்காரவைத்து இரண்டு டீ குடிக்க வைத்தேன், அதுதான் தண்டனை.

நீ வந்து இருந்த நாட்களில் வீட்டில் சத்தம் இருந்தது. பாத்திரச் சத்தம், கதவுச் சத்தம். என் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மாமா, உங்க எலும்பு அழகா இருக்கு" என்றாய். இந்த வயதில் அப்படி ஒரு பேச்சு யார் சொல்வார்கள்? மாடி அறையைத் திறந்து நாள் பூராவும் தூசி தட்டினாய். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாய். கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கும், நிற்கும், வெகுநேரம் ஒன்றுமே கேட்காது, மறுபடி கேட்கும்.

பஸ் ஏறும்போது, "மாமா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். என்ன அது?

நீ போன மறுநாளே மழை. ஒரு நாள் இருந்து போயிருக்கலாம். முதல் மழையைத் திருகு வழியாக வெளியே விட்டேன். கறுப்பும் பழுப்புமாக என்னென்னவோ போயிற்று. இரண்டாவது மழையைத்தான் தொட்டிக்குத் திருப்பினேன். முதலில் காலிப் பானையில் தட்டுகிற மாதிரி இருந்தது, அப்புறம் கனத்தது, அப்புறம் சத்தமே இல்லை, நிறைந்துகொண்டே இருந்தது. உன்னைக் கூப்பிட்டேன், போன் அடித்து அடித்து நின்றது. டூட்டியில் இருந்திருப்பாய். தையல்காரம்மா கொடித் துணியை எடுக்கும் அவசரத்தில் இருந்தாள். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடி போன்ற தண்ணீர் அம்மா. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

ஒரு விஷயம். மாடி அறைச் சாவி என் அறை ஆணியில் தொங்குகிறது. அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். போன தடவை மாதிரியே தபாலில் அனுப்பட்டுமா?

அன்புடன்,
மாமா

•

ஆகஸ்ட் 26

அன்புள்ள மாமாவுக்கு,

கை எப்படி இருக்கு? வீக்கம் இருந்தா வெந்நீர்ல கொஞ்ச நேரம் வைங்க, கனமா எதையும் தூக்காதீங்க.

சாவியை நான் மறக்கலை மாமா. வெச்சுட்டுத்தான் வந்தேன்.

அறையில இருந்த என் துணியெல்லாம் எடுத்துக்கிட்டேன். அவரோட சட்டை ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டேன், மத்ததை மடிச்சு அலமாரியில வெச்சிருக்கேன். அந்த அறை உங்களோடது. பூட்டி வைக்காதீங்க.

பஸ்ஸுல சொல்ல வந்ததை இப்போ எழுதறேன். அன்னிக்குக் கண்டக்டர் விசில் அடிக்காம இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு என்னால முடியாது.

நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன் மாமா. ரத்த வங்கியில வேலை செய்யறவர்னு எழுதினேனே, அவர்தான். அவர் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. முடியாதுன்னு சொன்னேன், யோசிக்கணும்னு சொன்னேன், ஒண்ணும் சொல்லாமயும் இருந்தேன். அவர் அவசரப்படுத்தலை. போன மாசம் சரின்னு சொல்லிட்டேன்.

உங்க மார்ச் மாசக் கடிதத்துல, வீட்டில எத்தனை பேர்னு பைப்காரர் கேட்டதுக்கு ரெண்டு பேர்னு சொன்னதா எழுதியிருந்தீங்க. அந்த வரியைப் படிச்சதுலேருந்து ஒரு மாசம் என்னால உங்களுக்குப் பேனாவை எடுக்க முடியலை. பேப்பர் துண்டு வந்தப்போ தேதி முடியலை மாமா. விண்ணப்பம் போடக் கூடாதுன்னு நான்தான் அதை எடுத்து வெச்சுட்டேன். நீங்க ஒவ்வொரு குழாயா மாட்ட மாட்ட, இங்க எனக்கு, சொல்றதுக்கு இன்னும் ஒரு நாள் போகட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும்னே போச்சு.

உங்க பையனை மறந்துட்டு இதைச் செய்யலை. உங்களையும் விட்டுட்டு இல்ல. இதுக்கு மேல எப்படி எழுதறதுன்னு தெரியலை.

நவம்பர் மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து மட்டும்தான். எங்க அண்ணன் வரமாட்டேன்னு சொல்லிட்டான். உங்களை வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் இல்லை.

மாத்திரை போடுங்க.

மருமகள்

•

செப்டம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கு,

என் கடிதம் கிடைச்சுதான்னு தெரியலை. போன் பண்ணினேன், நீங்க எடுக்கலை. தையல்காரம்மா எடுத்து, "நல்லா இருக்கார், மாடியில இருக்கார்"ன்னாங்க. "கூப்பிடுங்க"ன்னேன். போய்ட்டு வந்து, "அப்புறம் பேசறேன்னார்"னு சொன்னாங்க.

திட்டணும்னா திட்டி எழுதுங்க மாமா. ரெண்டு வரி போதும். கை வலிச்சா தையல்காரம்மாவையே எழுதச் சொல்லுங்க. எழுதாம மட்டும் இருக்காதீங்க.

மருமகள்

•

அக்டோபர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கையும் சரியாகிவிட்டது. தாமதத்துக்குக் கை காரணமில்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், அது உனக்கு எழுதிய மாதிரியே இல்லை, அவனுக்கு எழுதிய மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். சில நாள் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். உன்னிடம் மறைத்து என்ன? தொட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மழை பெய்யும், திருகைத் திருப்பாமல் அப்படியே வெளியே போக விட்டேன். போகட்டும் என்று படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மாதான் குடையோடு ஓடி வந்து திருப்பிவிட்டாள். "யார் மேல சார் கோவம், தண்ணி மேலயா?" என்றாள்.

நீ இந்த வீட்டை விட்டுப் போனது தண்ணீர் இல்லாததால்தான் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன் அம்மா. வாளி தூக்கி அலுத்துப் போய்விட்டாள், தண்ணீர் வந்தால் வந்துவிடுவாள். அப்படி நினைத்தால் எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. குழாய் வாங்கலாம், கரி கழுவலாம். உண்மைக் காரணத்துக்கு என்னால் செய்ய ஒன்றுமில்லையே.

இன்னொன்றும் சொல்கிறேன். "ஒருத்தர்", "ஒருத்தர்" என்று நீ எழுதினாய். யார் அது என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. கவனிக்காமல் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

நீ வாழ வேண்டியவள். இதை மூன்று வருஷமாக ஊரார் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம். இப்போது மனதோடு சொல்கிறேன். சொல்ல ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது, மன்னித்துக்கொள்.

உன் அண்ணன் வராவிட்டால் போகட்டும். நான் வருகிறேன். உன் பக்கத்து ஆளாக ஒரு நாற்காலியில் உட்காருகிறேன். தேதியையும் நேரத்தையும் எழுது. என்ன சட்டை போடுவது என்று தையல்காரம்மா இப்போதே சண்டை போடுகிறாள், புதிதாக ஒன்று தைத்தே தீருவேன் என்கிறாள்.

தொட்டி நிறைந்து கிடக்கிறது. நான் ஒருவன் எவ்வளவு செலவழிப்பேன்? வழிகிறதை வறண்ட போருக்குள் விட நாளைக்கு ஒரு குழாய் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். எப்போது என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
மாமா

•

நவம்பர் 19

அன்புள்ள மருமகளுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நீங்கள் இருவரும் நலம்தானே? அன்று காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னார். இனிமேல் அப்படி இருக்காதே.

இருந்துவிட்டுப் போங்கள் என்று இரண்டு பேரும் அவ்வளவு சொல்லியும் அன்றே கிளம்பிவிட்டேன், வருத்தப்படாதே. இருந்தால் கிளம்புவது கஷ்டமாகிவிடும், அவ்வளவுதான்.

வீடு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். "வந்துட்டேன்" என்று வாய் வரை வந்தது, உள்ளே யாரும் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. பயணத்தில் ஆள் நிறையப் பார்த்துவிட்டு வந்தால் முதல் நாள் அப்படித்தான் இருக்கும். தையல்காரம்மா வந்து, சட்டை எடுபட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். மாடி அறைப் பூட்டை எடுத்துவிட்டேன். இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருகிறேன். கூரையில் தண்ணீர் ஓடுவது அங்கே நன்றாகக் கேட்கிறது. ஒற்றை ஆளுக்கு அது கொஞ்சம் பேச்சுத்துணை மாதிரி.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போடும் நேரத்தில் நான் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எதற்கென்று உனக்குப் புரிந்திருக்காது, கேட்கவும் நேரமில்லை.

நீங்கள் மேஜைக்குப் போன பிறகு அங்கிருந்த குமாஸ்தா என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டார். வேறு என்ன சொல்வது? மாமனார் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! உங்க பையன் பேனாவைப் பிடிச்சிருக்கிற கையைப் பாருங்க சார், என்னமா நடுங்குது. நீங்க போய் ஒரு வார்த்தை தைரியம் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது.

குமாஸ்தாவைத் திருத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திருத்தவில்லை. எழுந்து போய்த் தோளில் கை வைத்து, "போடுப்பா, பயப்படாதே" என்றேன்.

அவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா